லேப்ரடார் செருப்பைக் கடிக்கிறதா? அதற்கு ஒரு வேலை கொடுங்கள்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேசலாம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி வீடு. ஒன்றரை வயது ஆண் லேப்ரடார், பெயர் புருனோ. காலையும் மாலையும் அரை மணி நேரம் வாக்கிங் கூட்டிப் போகிறார்கள். கூடை நிறைய பொம்மை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இருந்தும் செருப்பைக் கடிக்கிறான், சோபா ஓரத்தைப் பிய்க்கிறான், யார் வந்தாலும் மேலே பாய்கிறான். மாமியார் ஒருமுறை விழப் பார்த்தாராம். "இவனைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு மாதம் ட்ரெயினரிடம் கொண்டுபோய் விட்டால் சரியாகுமா?" என்று கேட்கிறார்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் புருனோவுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. லேப்ரடாரின் பூர்வீகம் கனடாவில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்களோடு படகில் போய், தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் வலைக் கயிற்றையும் குளிர்ந்த கடலில் நீந்திக் கவ்விக்கொண்டு வந்த நாய்களின் வழியில் வந்த இனம் இது. அப்புறம் பிரிட்டனில், வேட்டையில் சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் எடுத்து வருவதற்காக வளர்த்தார்கள். 1903ல் அங்கே நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. தேடுவது, கவ்வுவது, கொண்டுவந்து கொடுப்பது, இந்த மூன்றும் இவன் ரத்தத்தில் இருக்கிறது. வீட்டில் அதற்கு வழி இல்லை என்றால் கிடைத்ததைக் கவ்வுவான். செருப்பில் உங்கள் வாசனை ஊறிப்போயிருப்பதால் முதலில் செருப்பு.

சரி, வாக்கிங்கிலிருந்து ஆரம்பிப்போம். பெரும்பாலும் நாம் எப்படிப் போகிறோம்? ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் சங்கிலி. நாய் கம்பத்தருகில் நின்றால் "வாடா" என்று இழுப்போம். அடுத்த முறை அவன் நிற்கும்போது குனிந்து அவன் மூக்கைப் பாருங்கள். நாசித் துவாரத்தின் ஓரத்தில் சின்னப் பிளவு ஒன்று இருக்கும். மூச்சை அந்த ஓரம் வழியாகப் பக்கவாட்டில் விடுவதால், எதிரே இருக்கும் வாசனை கலையாமல் தொடர்ந்து முகர முடிகிறது. வாசனையை உணரும் ஏற்பிகள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். இந்தக் கம்பத்துக்கு யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அங்கே கிடைக்கிறது. அதை நாம் பாதியில் பிடுங்கிவிடுகிறோம்.

அதனால் இரண்டு வாக்கிங்கில் ஒன்றை முழுக்க அவனுக்கு விட்டுவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு அடிக் கயிறு, ஆள் நடமாட்டம் குறைந்த இடம், அவன் போகும் பக்கம் நீங்கள் போக வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு தெருவைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம், பரவாயில்லை. வேகமாக இழுத்துக்கொண்டு போய் வந்த நாளைவிட, முகர்ந்துவிட்டு வந்த நாளில் நன்றாகப் படுத்துத் தூங்குவான். கோடையில் வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஐந்தாறு நொடி பொறுக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் அது சுடும்.

வீட்டுக்குள் செய்வதற்கு வருவோம். முதல் வேலையாகச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து உள்ளே வையுங்கள். தட்டில் போட்டால் ஒரு நிமிடத்தில் காலி, அத்தோடு அவன் நாள் முடிந்துவிடும். ஒரு பழைய குளியல் துண்டை எடுத்துத் தரையில் விரியுங்கள். அவனுடைய காலைச் சாப்பாட்டு உருண்டைகளில் ஒரு பிடி எடுத்து நீளவாக்கில் தூவி, பாய் சுருட்டுவதுபோல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். முதல் நாள் காலால் பிராண்டுவான், கடித்து இழுப்பான். துண்டைக் கிழித்துத் தின்னப் பார்த்தால் வாங்கிவிட்டு, இன்னும் தளர்த்திக் கொடுங்கள். நாலைந்து நாளில் மூக்கால் தள்ளித் தள்ளி விரிக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிடும். பிறகு நடுவில் ஒரு முடிச்சு. அப்புறம் துண்டை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். பெட்டியில் ஊசி, பசை டேப் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு ஏற்றது "தேடு" விளையாட்டு. ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அவன் கண்ணெதிரேயே கதவு ஓரத்தில் ஒரு துண்டு கேரட்டை வைக்க வேண்டும். "தேடு" என்று சொல்லி விட்டுவிடுங்கள். நாலு முறை சுலபமாகக் கிடைக்கட்டும். பிறகு அவன் பார்க்காதபோது ஒளியுங்கள், பிறகு பக்கத்து அறையில். கடைசியில் கேரட்டுக்குப் பதில் குழந்தையே பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம். கண்டுபிடித்ததும் இருவரும் போடுகிற ஆட்டத்தை நீங்களே பாருங்கள். மழை பெய்து வெளியே போக முடியாத நாளுக்கு இது போதும்.

தீனி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு ஒரு மரபணுவின் சிறு பகுதி விடுபட்டிருப்பதும், அந்த நாய்களுக்குச் சாப்பாட்டு ஆசையும் எடையும் அதிகமாக இருப்பதும் தெரியவந்தது. ஆசை இருப்பதால் பழக்குவது சுலபம், ஆனால் எடை போட்டுவிடும். பரிசாகக் கொடுப்பதெல்லாம் அன்றைய சாப்பாட்டுக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். வேகவைத்த கோழிக் கறியை விரல் நகம் அளவுக்குக் கிள்ளினால் போதும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு வேண்டவே வேண்டாம். வேகவைத்த எலும்பும் கூடாது, சிம்பாகச் சிதறிக் குடலைக் குத்திவிடும்.

பந்து விளையாட்டு லேப்ரடாருக்கு உயிர். நாய்க் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்புப் பந்து புல்லோடு கலந்துவிடும், அதனால் நீலப் பந்தாக வாங்குங்கள், தொண்டைக்குள் போகாத அளவில். டைல்ஸ் தரையில் மட்டும் வேண்டாம். வழுக்கி வழுக்கி ஓடினால் மூட்டுக்குக் கெடுதல், இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு ஏற்கெனவே அதிகம். மண் தரையிலோ புல்லிலோ போடுங்கள். அவன் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே நிறுத்திவிடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்து பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். அவை கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் இனங்கள். ஒரு கம்பில் கயிறு கட்டி, நுனியில் துணியை முடிந்து, சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் தரையோடு இழுத்துக் காட்டுங்கள்.

செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பின்னால் துரத்தாதீர்கள். நீங்கள் துரத்துவதுதான் அவனுக்கு வீட்டிலேயே பிடித்த விளையாட்டு. பந்தைக் காட்டி "கொடு" என்று சொல்லுங்கள், அவன் வாயைத் திறந்ததும் பந்தைக் கொடுத்துவிட்டுச் செருப்பை எடுங்கள். கூடைப் பொம்மைகளில் இரண்டை மட்டும் வெளியே வைத்து வாரம் ஒருமுறை மாற்றினால் பழைய பொம்மையும் புதிதாகும். பொம்மைக்குப் பெயர் சொல்லியும் பழக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் பில்லி, சேசர் என்ற தன் பார்டர் கோலி நாய்க்கு 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். உங்கள் பிள்ளைகள் மூன்று பெயரில் தொடங்கட்டும்.

ட்ரெயினர் விஷயம். ஒரு மாதம் வெளியே விடுவது வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே அவர் சொல்வதைக் கேட்கப் பழகுவான். வீட்டுக்கு வந்ததும் அதே ஆட்கள், அதே சோபா, அதே பழக்கம். வேண்டுமானால் வாரம் ஒரு நாள் வீட்டுக்கே வந்து உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லித்தருபவராகப் பாருங்கள். அடிப்பவர், முள் வைத்த காலர் போடச் சொல்பவர் என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். வலிக்குப் பயந்து உட்காரும் நாய்க்கு மனிதர் கை என்றாலே பயம் வந்துவிடும், பயந்த நாய் கடிக்கவும் கூடும். அடிப்படைப் பழக்கத்துக்கு ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை போதும். ஆனால் அப்பா "சிட்" என்பார், பாட்டி "உக்காரு" என்பார், பிள்ளை "டவுன்" என்பான். நாய்க்கு இவை மூன்றும் வேறு வேறு. ஒரே சொல்லாக முடிவு செய்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். உட்கார்ந்த அந்த நொடியிலேயே பரிசு வாய்க்குப் போக வேண்டும். டப்பாவைத் தேடிப் போய் எடுத்து வருவதற்குள் அவன் எழுந்திருப்பான், எழுந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்வான்.

மேலே பாயும்போது கையால் தள்ளினாலும் கத்தினாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வான். முகம் திருப்பி, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் பேசுங்கள், தடவிக்கொடுங்கள். இதில் மாமியாரை நிற்கவைக்க வேண்டாம். அவர் நாற்காலியில் உட்காரட்டும், நீங்கள் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். புருனோ உட்கார்ந்ததும் பாட்டி இரண்டு உருண்டையைத் தரையில் போடட்டும். கையில் நீட்டினால் எகிறுவான், தரையில் போட்டால் மூக்கு கீழே போய்விடும். தினமும் இப்படிச் செய்தால், பாட்டியைப் பார்த்ததும் தரையைப் பார்க்கிற நாயாக மாறுவான். அவருக்கும் பயம் தெளியும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நாள் முழுக்க அவனை ஆட்டிக்கொண்டே இருக்கக் கூடாது, வளர்ந்த நாய் நாளில் பாதிக்கு மேல் தூங்கும். அதேபோல், நீங்கள் எல்லோரும் வெளியே போயிருக்கும்போது என்ன செய்கிறான் என்று பழைய செல்போன் ஒன்றை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் கடித்துவிட்டுத் தூங்கிவிட்டால் இதுவரை சொன்னதே போதும். கதவைப் பிராண்டுவது, விடாமல் ஊளையிடுவது, எச்சில் ஒழுக நடந்துகொண்டே இருப்பது, வீட்டுக்குள் சிறுநீர் விடுவது என்று தெரிந்தால் அது தனிமைப் பயம். அதற்கு விளையாட்டு மட்டும் போதாது, அந்த வீடியோவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.