இமயமலையைத் தாண்டி வந்த வாத்து, திருநெல்வேலிக் குளத்தில் தூங்குகிறது!

[திரை: விடியற்காலை. குளத்தின் சேற்றுக்கரை. தொலைவில் பூநாரைக் கூட்டம்.]

வணக்கம் நண்பர்களே. திரையின் நடுவில், ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருக்கிற அந்தச் சாம்பல் நிற வாத்தைப் பாருங்கள். வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், மஞ்சள் அலகு. அவ்வளவுதான் அலங்காரம். பின்னால் இளஞ்சிவப்பாக நிற்பவை பூநாரைகள். வருகிறவர்களின் கேமராவெல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பும். அழகிப் போட்டி வைத்தால் நம் வாத்துக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. ஆனால், கடல் மட்டத்திலிருந்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததாகக் கருவியில் பதிவானது பூநாரை அல்ல, இந்த இனம்தான். பெயர் வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டித்தான் இந்தியாவுக்குள் வருகிறது.

இடம் கூந்தன்குளம். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி பக்கம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து நிறையும் பாசனக் குளம். 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த செய்தி வந்தது. வரலாற்றுப் பாடம் முடிந்தது. கரைக்குப் போவோம்.

[திரை: ஊர்த் தெரு. வீட்டு வாசல் மரத்தில் நாரைக் கூடுகள்.]

கரைக்குப் போவதற்குள் ஊரே நம்மை நிறுத்திவிடுகிறது. மற்றச் சரணாலயங்களில் காட்சிக் கோபுரத்தில் ஏறிப் பைனாகுலரில் தேட வேண்டும். இங்கே வாசலில் கோலம், கோலத்துக்கு மேலே வேப்பமரம், மரம் முழுக்கச் சங்குவளை நாரையின் கூடுகள். குஞ்சுகள் போடும் கூச்சலில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது என்று சொல்லலாம். அலகைத் தட்டி ஓசை எழுப்புவதுதான் அதற்குப் பேச்சு. குஞ்சுக்குத்தான் அத்தனை தொண்டையும்.

ஒரு கூட்டைச் சற்று நெருக்கமாகக் காட்டுகிறேன். வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு இறக்கைகளையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கிறது. சரி, நிழல் பிடிக்கிறவருக்கு யார் நிழல் தருவார்கள்? காலைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய கால், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. அது சுண்ணாம்பு அல்ல, அதன் சொந்த எச்சம். வேண்டுமென்றே காலில் எச்சமிட்டுக்கொள்கிறது. அந்த ஈரம் காயும்போது காலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே, அதே கணக்கு. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர்கள் மன்னித்துவிடுங்கள், அடுத்த காட்சி வாத்துதான்.

அதற்கு முன் ஒன்று. இந்த வாசனையோடு எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம், "ஆச்சி, வாடை அடிக்கவில்லையா?" என்று கேட்டேன். "அதுகள் வந்தால் குளத்தில் தண்ணீர் கிடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் கிடந்தால்தான் நெல். வாடையைப் பார்த்தால் முடியுமா தம்பி?" என்றார். எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு உரமாகப் போடுகிற ஊர் இது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பதும் இந்த ஊரின் வழக்கம்தான்.

[திரை: வரித்தலை வாத்துகள், நெருக்கமாக.]

இப்போது நம் கதாநாயகன். மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரிக்கிற இனம் இது. பனிக்காலத்துக்குத் தெற்கே இறங்குகிறது, அதில் ஒரு பங்கு இந்தக் குளம்வரை வருகிறது. மாசி முடிந்து பங்குனி வெயில் தொடங்கும்போது திரும்பிப் போக வேண்டும். வழியில் நிற்பது இமயமலை.

சுமார் 5,500 மீட்டர் உயரத்திலேயே நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் பாதியாகிவிடும். அங்கே நாம் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். இந்த வாத்து அங்கே இறக்கை அடித்துப் பறக்கிறது! கழுகைப்போல் காற்றில் மிதந்தபடி போவதும் இல்லை. முதுகில் கருவி கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், ஏழெட்டு மணி நேரத்தில், பின்காற்றின் உதவிகூட இல்லாமல் மலையைக் கடப்பதைக் கண்டார்கள். பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் கடக்கிறது. அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்கும். ஒரே உயரத்தில் நேர்கோடாகவும் போவதில்லை. மலை ஏறினால் ஏறுகிறது, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கிவிடுகிறது. பிடித்த உயரத்தை ஏன் விட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். மெல்லிய காற்றில் இறக்கை அடித்து அந்த உயரத்திலேயே பறந்துகொண்டிருப்பதைவிட, இறங்கி மறுபடி ஏறுவதுதான் செலவு குறைவு.

எவரெஸ்டுக்கு மேலேயே பறந்ததைப் பார்த்ததாக மலையேறிகள் சொன்ன கதையும் உண்டு. கருவி சொல்லும் 7,290 மீட்டரே எனக்குப் போதும்.

இரத்தத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் புரதத்தில், அதைக் கட்டும் அமினோ அமிலங்களில் சில மாறியிருக்கின்றன. அதனால் ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன். ஜெசிகா மெயர் என்ற உயிரியலாளர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்த வாத்துகளை ஆராய்ந்தார். மலை உயரத்தில் பறக்கிற வாத்தின் இதயத் துடிப்பை எப்படி அளப்பது? எதிரே காற்றை வீசவிடும் காற்றுச் சுரங்கத்துக்குள் பறக்கவிட்டு அளக்கலாம். காட்டு வாத்து வந்து பறந்து காட்டுமா? அதனால் அவரே தாயானார். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் முதலில் பார்த்தது அவரை. அவர் போன இடமெல்லாம் வரிசையாகப் பின்னாலேயே போயின. கொஞ்சம் வளர்ந்ததும் அவர் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போக, பக்கத்திலேயே பறந்து வந்தன. பிறகு அலகில் முகமூடி மாட்டி, எவரெஸ்ட் உச்சியில் இருக்கும் அளவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துப் பறக்கவிட்டார். இதயம் படபடக்கவில்லை. உடலின் எரிபொருள் செலவு குறைந்தது, நுரையீரலுக்குத் திரும்பும் இரத்தம் குளிர்ந்தது. குளிர்ந்த இரத்தம் கூடுதல் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும்.

ஆய்வு வெளியானது 2019 செப்டம்பரில். அதே மாதம் அந்த வாத்துகளின் தாய் எங்கே போனார் தெரியுமா? ராக்கெட்டில் ஏறிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு! அக்டோபரில் கிறிஸ்டினா கோக்குடன் சேர்ந்து, பெண்கள் மட்டுமே பங்கேற்ற முதல் விண்வெளி நடையையும் முடித்தார். பிள்ளைகளின் உயரச் சாதனையை இப்படி முறியடித்த தாயை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

[திரை: வாத்துக் கூட்டம் எழும்பிப் பறக்கிறது.]

போக நினைப்பவர்களுக்கு: மழை பொய்த்த ஆண்டில் குளம் வறண்டிருக்கும், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். வாத்துக்கு மார்ச் தொடக்கத்துக்குள் போய்விடுவது நல்லது. நாரைகள் அதற்குப் பிறகும் இருக்கும். வெயிலுக்கு முன் கரையில் நில்லுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், டிரோன் வேண்டவே வேண்டாம். தெருவில் மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாரையின் காலைப் பார்த்த உங்களுக்கே தெரியும்.

உங்கள் ஊர்க் குளத்தில் வரித்தலை வாத்தைப் பார்த்திருந்தால் கருத்துப் பகுதியில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். கழுத்தில் எண் எழுதிய வளையம் இருந்தால் அந்த எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மங்கோலியாவில் மாட்டிய வளையத்தோடு இந்த வாத்துகள் தென்னிந்திய ஏரிகளுக்கு வந்திருக்கின்றன.