கடைசி பெஞ்சு

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். 'விசுவாசம் வேர்பிடிப்பது ஆலயத்திலா, அன்றாட வாழ்க்கையிலா?' என்பது தலைப்பு. வாழ்க்கையில்தான் என்று பேச நிறையக் குறிப்பு எழுதி வந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் சொன்ன ஒன்றைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. "வாழ்க்கையில்தான் விசுவாசம் என்கிறவர்கள் எல்லாம் கடைசி பெஞ்சுக்காரர்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக ஓடுவார்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

அண்ணே, என் அப்பா கடைசி பெஞ்சுக்காரர்.

ராணிப்பேட்டையில் தோல் ஷாப் வேலை. சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போட வேண்டும். அந்த வாடை உங்களில் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து சோப்புப் போட்டுக் குளிப்பார். எலுமிச்சம்பழத்தை அறுத்து நகக்கண்ணில் தேய்ப்பார். மறுபடியும் குளிப்பார். அம்மா அவர் கையை முகர்ந்து பார்த்து, "போயிடுச்சுங்க" என்பார். போயிருக்காது. அது இருவருக்குமே தெரியும். அதனால்தான் கடைசி பெஞ்சு. யார் மேலும் பட்டுவிடக் கூடாதே என்றுதான் முதல் ஆளாக வெளியே போவார்.

ஒரு ஞாயிறு. முதல் பெஞ்சில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர். பாமாலை எண் சொன்னார்கள், எல்லாரும் எழுந்தோம். அவர் மட்டும் நடந்தார். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை, சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க, நடந்து வந்து அப்பா பக்கத்தில் நின்றார். "கண்ணாடி இல்ல தம்பி. புத்தகத்தை நீங்க பிடிங்க, உங்க கூடவே பாடிடறேன்" என்றார். எந்தக் கையை அப்பா ஒளித்து வைத்தாரோ, அந்தக் கையில் கொடுத்தார். எனக்குப் பத்து வயது. அவர் கண்ணாடி திறந்த கைப்பையில் இருந்ததை நான் பார்த்தேன். அப்பாவுக்குக் குரல் எழும்பவில்லை. அன்றைய பிரசங்கம் எனக்கு ஞாபகம் இல்லை, அந்தக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறது.

"அதுவும் ஆலயத்தில்தானே நடந்தது" என்பீர்கள். சரி. ஆனால் அந்த அம்மா அதை வார்டில் கற்றார், படுக்கை படுக்கையாக. அதே ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் அவர் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்றப் பெண் மருத்துவர் வேண்டும் என்று நின்றார்கள். ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து வந்து 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்த அழைப்பு பீடத்திலிருந்து வரவில்லை, வீட்டு வாசலில் வந்தது. கதவுப் பக்கம் இருப்பவருக்குத்தானே அண்ணே தட்டுகிற சத்தம் கேட்கும்? சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் வைத்தவர்களும் உண்டே, அவர்களும் ஞாயிறு தவறாமல் பாடியவர்கள்தான்.

அப்பா போன வருஷம் இறந்தார். தோல் ஷாப் ஆட்கள், பாய்மார்கள் உட்பட, வேலையிலிருந்து அப்படியே வந்து கோயில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே வரத் தயக்கம். நர்ஸம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கோலை ஊன்றி வாசலுக்குப் போனார். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு அப்பாவின் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நடுவர் அவர்களே, நானும் அங்கேதான் உட்காருகிறேன். அண்ணன் இந்த ஞாயிறு வரட்டும், தள்ளி உட்கார்ந்து இடம் தருகிறோம்.