விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே டிஸ்க்

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் "மாமா 60" என்று எழுதியிருக்கிறேன். என் தாய்மாமாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் எல்லாம் இதில்தான் இருந்தன. ஆல்பம் போட ஒரு கடையில் கொடுத்தேன். வீட்டில் நான் லினக்ஸ் வைத்திருப்பதால் டிஸ்க் எக்ஸ்ட்4 முறையில் இருந்தது, அதாவது கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்க லினக்ஸ் பயன்படுத்தும் முறை. கடையில் விண்டோஸ். அதற்கு எக்ஸ்ட்4 படிக்க வராது. செருகியதும் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. அங்கிருந்த தம்பி அழுத்திவிட்டார், டிஸ்க் காலியாகிவிட்டது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தால் யாருமே அழுத்தத்தான் செய்வார்கள்.

அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இரவெல்லாம் ஓடவிட்டேன். படங்கள் பெரும்பாலும் கிடைத்தன, பழைய பெயர்கள் இல்லாமல், வெறும் எண்களாக. ஆச்சி ஆசீர்வாதம் செய்த வீடியோ மட்டும் திறக்கவே இல்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

சரி, மூன்று கணினிக்கும் பொதுவான முறை எது? ஃபேட்32 எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டாலே அதில் ஏறாது. கல்யாண வீடியோவுக்கு இது எப்படிப் போதும்? மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியில் "எம்எஸ்-டாஸ் ஃபேட்" என்று இருப்பதும் இதே ஃபேட்32தான், தவறிப் போய் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

என்டிஎஃப்எஸ் விண்டோஸின் சொந்த முறை. மேக் அதைப் படிக்கும், எழுதாது. லினக்ஸ் எழுதும், 2021இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

மீதி எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது. 2019 ஆகஸ்டில் அதன் விவரக்குறிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே, 5.7 கெர்னலில், சாம்சங் எழுதிய டிரைவர் லினக்ஸுக்குள் வந்துவிட்டது. மேக் 2010லிருந்தே எக்ஸ்ஃபேட்டில் எழுதுகிறது. கையில் தூக்கிக்கொண்டு போகும் டிஸ்க்குக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் இது எடுத்துப் போவதற்கு மட்டும். இதையே நிரந்தரக் காப்புப்பிரதியாக வைக்காதீர்கள். என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ட்4ம் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும், ஜர்னல் என்பார்கள். பாதியில் கரண்ட் போனால் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அது கிடையாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை ஃபேட்32 பொதுவாக இரண்டு பிரதியாக வைத்திருக்கும், எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக ஒன்றுதான். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், பொதுப் பகுதியை என்டிஎஃப்எஸ்ஸாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அந்தப் பகுதியை எழுதவிடாமல் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

நம் மொழிக்கென்றே ஒன்று. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை கோப்புப் பெயரில் வரும் "தோ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். லினக்ஸில் நாம் தட்டும்போது ஓகாரக் குறி பொதுவாக ஒரே குறியீடாக விழும். ஒரு பழைய மேக்கிலிருந்து நெட்வொர்க் வழியாக நகல் எடுத்தபோது "தோட்டம்" என்று எனக்கு இரண்டு ஃபோல்டர் வந்து நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நகல் எடுக்க ஆர்சிங்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஐகான்வ் ஆப்ஷனைத் தேடிப் பாருங்கள், கோப்புப் பெயர்களின் குறியீட்டை மாற்ற அது உதவும்.

இப்போது இந்த டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டாக மாற்றிவிட்டேன். மேக்கில் எஜெக்ட் கொடுத்தாயிற்று, லினக்ஸில் செருகுகிறேன். ம், திறந்துவிட்டது. மாமா மாலை மாற்றுகிற வீடியோ, 11 ஜிபி, ஒரே கோப்பாக. ஓட்டிக் காட்டுகிறேன், பாருங்கள்.