கூலி எழுதாத கொப்பி

தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம்.

நான் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வியாபாரம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாணவி ஒருத்தி இருக்கிறா. பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாவே, அவதான். பெயர் சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு வந்திருக்கிறா. திருகோணமலை உப்புவெளியில் வீட்டுக் குசினியில் கேக் செய்து விற்கத் தொடங்கினவ, இன்றைக்கு ஆறு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறா.

நாட்டுக்கே மா அரைக்கிற பெரிய ஆலை 40 வருடத்துக்கு மேலாக எங்கள் சீனன்குடாவில் நிற்கிறது. ஆனாலும் பிறந்தநாள் என்றால் கொழும்பில் இருந்து கேக் இறக்கின வீடுகள் எனக்குத் தெரியும். ஹபறணை தாண்டும்போதே ஐசிங் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

இவ தொடங்கினது பட்டர் கேக்கில். மாஜரின் 250 கிராம், சீனி 250, மா 250, முட்டை ஐந்து. கூட்டினால் ஒரு கிலோ. அப்படியே ஒரு கிலோ கேக் என்று விற்றா. வாங்கின மாமி ஒருத்தி தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நூறு கிராம் எங்க?" என்று கேட்டுவிட்டா. களவு ஒன்றும் இல்லை. போறணைச் சூட்டில் தண்ணீர் ஆவியாகும். பத்தில் ஒரு பங்கு மட்டில் நிறை குறையும். வகுப்பில் நான் சொன்னதுதான், ஆனால் வகுப்பில் ஆர் தராசு வைத்தது? அன்றைக்குத்தான் ஒரு கொப்பி வாங்கினா.

போறணை, பாண், குசினி எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்தவர்கள் விட்டுப்போனவை. அவர்களின் கணக்கு அவர்களோடு. நாங்கள் கொப்பிக்கு வருவோம்.

முதலில் சாமான் விலை எழுதினா. பிறகு காஸ், பெட்டி, ஓட்டோக் காசு. ஒரு பக்கம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. அது அவவின் கூலி. அம்மாவிடம் கேட்டதற்கு, "வீட்டில செய்யிற வேலைக்கு ஆரும் கூலி எழுதுவினமே?" என்றாவாம். மா அரிக்க, முட்டை அடிக்க, ஐசிங் போட, தட்டுக் கழுவ என்று ஒரு கேக்குக்கு மூன்று மணித்தியாலம் போகிறது. அதையும் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நல்ல பெயர் எடுத்த அவ்வளவு மாதமும் நட்டத்துக்கு விற்றிருக்கிறா என்று. விலையைக் கூட்டினா. சொந்தக்காரர் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். கடன் சொல்லி வாங்கினவர்களும் அவர்களில்தான் கூட என்று இப்போது சிரிக்கிறா. பிறகு முற்பணம் இல்லாமல் ஓடர் எடுப்பதில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்ததும், சீட்டு எடுத்துப் பெரிய போறணை வாங்கினதும் அதற்குப் பிறகுதான். நுண்கடன் பக்கம் போகவில்லை. வாராவாரம் வாசலில் வந்து நிற்பவர்களைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஊர்க் காற்றும் லேசுப்பட்டது அல்ல. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியான வெயில் 35 பாகையைத் தொடும். பட்டர் அதற்கு முன்னமே உருகிவிடும். அதனால் பட்டர் ஐசிங் கேக்குகள் காலை எட்டு மணிக்கு முன்னம் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். மாரி தொடங்கினால் வேறு கரைச்சல்: சீனி ஈரத்தை இழுக்கும், உருட்டி மூடின ஐசிங் வியர்க்கும். இதெல்லாம் ஒரு யூடியூப் வீடியோவிலும் இல்லை மிஸ் என்று என்னிடமே குறைப்பட்டா.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸும் இல்லை. கலவையை அடித்து வைத்துவிட்டுக் காத்திருக்க ஏலாது. பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும், பிறகு கேக் எழும்பாது. அப்போது அம்மாதான் பழைய பெரிய சட்டியை எடுத்தா. அடியில் மணல், கீழே நெருப்பு, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். முதல் இரண்டு கேக்கும் கரி. மூன்றாவது கொஞ்சம் சரிவாக வந்தது. அதை விற்றா, விலை குறைத்து. அந்த மாதத்தில்தான் கொப்பியில் அம்மாவுக்கும் கூலி எழுதினா. அம்மா வாங்க மறுக்கவில்லையாம்.

கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறா. தேநீர் நேரத்தில் கேட்டால் காட்டுவா. கிறிஸ்மஸ் கேக் பக்கங்களுக்கு மட்டும் ரப்பர் பாண்ட் போட்டிருக்கிறா. தயவுசெய்து அதைக் கழற்ற வேண்டாம்.