நாய் துரத்துகிற உத்தியோகம்

நடுவர் அவர்களுக்கும், என் அணியினருக்கும், எதிரணியினருக்கும், பையில் சுருளிக் கிழங்கும் மடியில் பேரப்பிள்ளையுமாகப் பெண்ணையாற்று மணலில் அமர்ந்திருக்கும் கடலூர் மக்களுக்கும் வணக்கம். எனக்கு எட்டு நிமிடம் என்று நடுவர் சொல்லியிருக்கிறார். எதிரணித் தலைவி அம்மா பதினாறு நிமிடம் பேசினார்கள். அதில் எட்டு நிமிடம் என்னைப் பற்றியே பேசினார்கள். ஆகவே அந்த எட்டையும் என் கணக்கில் வரவு வைத்துவிடும்படி நடுவரை வேண்டிக்கொள்கிறேன். கணக்கு எழுதுவது என் தொழில், தப்பாது.

மனநிறைவு தருவது சிறுவயதில் கண்ட கனவு வேலையா, வாழ்க்கையில் வாய்த்த வேலையா என்று கேட்டிருக்கிறார்கள். நான் வாய்த்த வேலையின் பக்கம். ஆதாரம் வேண்டுமா? இந்த ஆற்றுமணலில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! சின்ன வயதில் என்ன ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களோ, அச்சு அசலாக அதுவாகவே ஆனவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கை தெரிகிறது. ஐயா, நீங்கள் கை தூக்கினீர்களா, கொசு அடித்தீர்களா? கொசுவா? நல்லது, உட்காருங்கள். வழக்கு பாதி முடிந்தது.

எதிரணித் தம்பி ஒருவர் வரலாற்றைத் துணைக்கு அழைத்தார். ராபர்ட் கிளைவ் 1744-இல் சென்னைக்கு வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியில் வெறும் எழுத்தர். கணக்கு எழுதிச் சலித்துப்போனார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் தப்பித்து, நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு ஓடி வந்தார். மறு ஆண்டே பேனாவை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பத்தே ஆண்டில் பிளாசிப் போர். ‘வாய்த்த வேலையிலேயே இருந்திருந்தால் கிளைவ் என்ற ஒருவர் ஏது?’ என்று தம்பி கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தம்பி, நானும் அதையேதான் கேட்கிறேன்! அந்த மனிதர் வாய்த்த வேலையில் ஒழுங்காக உட்கார்ந்து, கணக்கை எழுதி, மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வயதானதும் மூட்டையைக் கட்டியிருந்தால் இந்த நாட்டுக்கு எவ்வளவு மிச்சம்! ஓர் எழுத்தருக்கு எழுத்தர் வேலை பிடிக்காமல் போனதற்கு நம் தாத்தாவும் அவர் தாத்தாவும் வரி கட்டினார்கள். கனவு அணிக்கு இதைவிட மோசமான சாட்சியைத் தேடினாலும் கிடைக்காது. நன்றி தம்பி, அடுத்த முறை எங்கள் அணிக்கே வந்துவிடுங்கள்.

இன்னொருவர் புதுச்சேரிக்குப் போய் ஸ்ரீ அரவிந்தரை அழைத்து வந்தார். வெள்ளைக்காரன் காலத்து உயர் அதிகாரி வேலையான ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியவர், குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாமல் வேலையை நழுவவிட்டார் என்றார். உண்மைதான். ஆனால் ஐ.சி.எஸ். யார் கண்ட கனவு? அவருடைய அப்பா கண்ட கனவு. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? இந்த மாவட்டத்தில் பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே நெய்வேலியில் வேலை என்று முடிவாகிவிடுகிறது. புதுச்சேரிப் பக்கம் என்றால் பிரான்ஸ். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ வீட்டு மாடியைப் பார்த்துப் பார்த்து எத்தனை அப்பாக்கள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்! பிள்ளையின் கனவு என்று நாம் சொல்வதில் பாதி அப்பாவுடையது; மீதி பக்கத்து வீட்டுக்காரருடையது.

அப்படியென்றால் பிள்ளை தானாகக் காணும் கனவு எது? அதற்கு ஒரு சாட்சியை வைத்திருக்கிறேன். கிளைவைப் போலத் தொலைதூரத்துச் சாட்சி இல்லை. அதோ, ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, நம் ஒலிபெருக்கிக்காரர், அவர்தான். எழுந்து ஒரு வணக்கம் சொல்லப்பா. வெட்கப்படுகிறான். இவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

இவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவன் அப்பா புதுச்சேரிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலைப் பார்த்தானா? கடல்தான் நம் ஊரிலேயே இருக்கிறதே. காந்தி சிலையைப் பார்த்தானா? இல்லை. அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். தலையில் சிவப்புத் தொப்பி! பிரெஞ்சுக்காரன் 1954-இல் ஊரைவிட்டுப் போனான், தொப்பியை மட்டும் விட்டுவிட்டுப் போனான். நேராக எழும்பி நிற்கும் சிவப்பு. முன்னால் சிறிய கறுப்பு விளிம்பு. இவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டான். அப்பா அவித்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார், வாங்கவில்லை. ஐஸ் வாங்கிக் கொடுத்தார். கையில் பிடித்தபடியே நின்றான், அது உருகி முழங்கை வரை ஒழுகியது.

கடைசியில் போலீஸ்காரரிடமே போய்விட்டான். ‘அண்ணா, இந்தத் தொப்பி கிடைக்க என்ன படிக்க வேண்டும்?’ அவர் நல்ல மனிதர். குனிந்து, ‘தம்பி எந்த ஊர்?’ என்று கேட்டார். ‘கடலூர்.’ ‘அப்படியானால் படிப்பு அப்புறம். முதலில் ஊரை மாற்ற வேண்டும். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை.’

விளையாட்டுக்குச் சொன்னாரா, விவரத்தோடு சொன்னாரா தெரியாது. இவன் அதைப் பிடித்துக்கொண்டான். அன்று இரவே அம்மாவிடம், ‘வீட்டை விற்றுவிட்டு முள்ளோடைக்கு அந்தப் பக்கம் வாங்கலாம்’ என்றான். (நம் எல்லை உங்களுக்குத் தெரியும். பாகூர்ப் பக்கம் போனால் எந்த வயல் தமிழ்நாடு, எந்த வரப்பு புதுச்சேரி என்று கொக்குக்கும் தெரியாது. பெட்ரோல் விலைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.) அம்மா திட்டினாள். விட்டானா? மறுநாள் புதிதாக ஒரு யோசனை. அம்மாவைப் பெற்ற பாட்டிக்குப் பாகூர். ‘என்னைப் பாட்டிக்கே தத்துக் கொடுத்துவிடுங்கள்!’ அதாவது, நடுவர் அவர்களே, தொப்பிக்காகத் தன் அம்மாவுக்கே தம்பியாகப் போகத் துணிந்துவிட்டான்! அவன் அப்பா நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலையில் மகன், மாலையில் மைத்துனன்!

சிரியுங்கள், கதை இன்னும் இருக்கிறது. தத்து நடக்கவில்லை. தொப்பியையாவது நடத்துவோம் என்று வீட்டிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் குவளையின் கைப்பிடியை அறுத்து, அட்டையில் விளிம்பு வெட்டி ஒட்டி, தலையில் கவிழ்த்துக்கொண்டு கெடிலம் பாலத்து முனையில் போய் நின்றான். கையைக் காட்டினான். ஒரு மாட்டுவண்டி நின்றது. அதன் பின்னால் ஒரு சைக்கிள் நின்றது. சைக்கிளில் இருந்தவர் எங்கள் தலைமையாசிரியர். அவர் ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது; கை காட்டினால் நிற்க வேண்டும் என்று பழகியவர். இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? ‘போகலாமா, ஐயா?’ என்று இவனிடம் கேட்டார். இவன், ‘போகலாம்’ என்று கையை அசைத்தான். மறுநாள் வகுப்பில் அந்தக் கையிலேயே வாங்கினான் என்பது வேறு.

இந்தக் கதையில் போலீஸ் வேலை எங்கே இருக்கிறது? வெயிலில் நிற்பதை நினைத்தானா, இரவு ரோந்தை நினைத்தானா, மாசிமகக் கூட்டத்தில் மிதிபடுவதை நினைத்தானா? பிள்ளைகள் வேலையைக் கனவு காண்பதில்லை. தொப்பியைக் கனவு காண்கிறார்கள். நடத்துநர் என்றால் விசில், டாக்டர் என்றால் கழுத்தில் தொங்குகிற குழாய், ஆசிரியர் என்றால் பிரம்பு. இந்தக் கனவைத்தான் எதிரணி இலட்சியம் என்று பொன்னாடை போர்த்திக் கூட்டி வந்திருக்கிறது.

இப்போது மிச்சக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோவில் திருவிழா. ஒலிபெருக்கி இவனுடையது. தேர் முட்டுச்சந்தில் சிக்கிக்கொண்டது, கூட்டம் நெருக்குகிறது. ஒரு சிவப்புத் தொப்பிக்காரர் விசிலை ஊதி ஊதிப் பார்க்கிறார், ஒருவரும் நகரவில்லை. கடைசியில் வியர்த்து வழிந்துகொண்டு இவனிடம் ஓடி வந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ‘அண்ணே, நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள், கொஞ்சம் சொல்லுங்கள்’ என்றார். இவன் பாட்டை நிறுத்தி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ‘தாய்மார்கள் வலதுபுறமாக நகரவும்’ என்றான். தெரு நகர்ந்தது. நான் கேட்டேன்: தொப்பி மேசையில்தானே இருந்தது, ஒரு தடவை எடுத்துப் போட்டுப் பார்க்கவில்லையா? ‘அட, ஒயர் காலில் மிதிபடுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், தொப்பியை யார் கவனித்தது’ என்றான். நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எதிரணித் தலைவிக்கு வருகிறேன். கல்லூரிப் பேராசிரியர். அவர்கள் சொன்னதை மறக்க மாட்டேன். ‘எதிரில் இருப்பவர் மின் கணக்கீட்டாளர். வளர்ந்து வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பேன், என்னை நாய் துரத்த வேண்டும் என்று எந்தக் குழந்தையாவது கனவு கண்டிருக்கிறதா?’ என்று கேட்டார்கள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். முன்வரிசையில் என் மனைவி இருக்கிறாள். முதலில் சிரித்தது அவள்தான்.

அம்மா, நாயைப் பற்றி என்னிடம் பேசலாமா? ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை மாட்டிய வீட்டில் நாயே இருக்காது. இருந்தாலும் அது கிழடு. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். பலகை இல்லாத வீட்டில்தான் இருக்கும், அதுவும் மீட்டருக்கு நேர் கீழே. ‘ஒன்றும் செய்யாது சார், தைரியமாகப் போங்கள்’ என்று வீட்டுக்காரர் மாடியிலிருந்து குரல் கொடுப்பார். அவர் மட்டும் கீழே இறங்க மாட்டார். இதற்கெல்லாம் நடுவில் இலக்கத்தைப் பார்த்து எழுத வேண்டும். ‘500 யூனிட்டைத் தாண்டாமல் எழுதுங்கள் சார், தாண்டினால் கட்டணம் எகிறிவிடும்’ என்று ஒருவர் சொல்வார், ஏதோ நான்தான் மீட்டருக்குள் உட்கார்ந்து சுற்றுவதுபோல. அம்மா, உங்கள் வீடும் எங்கள் பிரிவில்தான் வருகிறது. உங்கள் வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். மேடை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

ஆனால் அம்மா, அந்த இலக்கம் பேசும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறவனுக்கு அது பேசும். திடீரென்று கூடினால் பிள்ளை பிறந்திருக்கிறது, இரவெல்லாம் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். ஒரு வீட்டில் 400 ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்குக் கல்யாணம், 300. மகன் வெளிநாடு, 200. ஒரு முறை போனேன், வெறும் 70. அந்த வீட்டு ஐயா இறந்துவிட்டார். அந்த அம்மா ஒரு மின்விசிறி, ஒரு விளக்கோடு உட்கார்ந்திருக்கிறார். ‘100 வரை இலவசம்தானே தம்பி, இனி எனக்குப் பணமே கட்ட வேண்டாம் இல்லையா?’ என்று கேட்டார். ஆமாம் அம்மா என்றேன். என்ன சொல்வது?

2011 டிசம்பர் 30-ஐ இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தானே புயல் விடியற்காலையில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஆயிரக்கணக்கில் கம்பங்கள் விழுந்தன. ஊரே இருட்டு. வெளி மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு எங்கள் தெரு தெரியாது. ஆகவே வழிகாட்டும் வேலை எனக்கு. கல்யாண மண்டபத் தரையில் படுத்தார்கள். கொடுத்ததைத் தின்றார்கள். பொங்கல் நெருங்கியது. தென்மாவட்டத்துக்காரர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், மகளோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ‘இல்லை கண்ணு, அப்பா வர முடியாது, இங்கே இன்னும் நிறையத் தெரு இருக்கிறது’ என்றார். அந்தப் பக்கம் குழந்தை அழுவது எனக்கே கேட்டது.

என்ன பேசுவது என்று தெரியாமல், ‘சின்ன வயதில் என்னவாக வேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ‘ஞாபகம் இல்லை சார். ஏணியைப் பிடியுங்கள், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும்’ என்றார்.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். அன்று பொழுது சாயும் நேரத்தில் அந்தத் தெருவில் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு பாட்டி வெளியே வந்தார். அந்த மின் ஊழியர் இறங்கும்வரை கம்பத்தடியிலேயே காத்திருந்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கரியும் எண்ணெயுமாக இருந்த அந்த முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றியில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தார். அந்த மனிதர் குழந்தைபோலத் தேம்பிவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அடுத்த தெரு எது சார்?’ என்றார்.

பேராசிரியர் அம்மா, உங்கள் கனவுப் பட்டியலில் அந்த வேலைக்கு எந்த இடம் என்று நீங்களே நடுவரிடம் சொல்லுங்கள். வணக்கம்.