பழைய கணினியை வீட்டு ரூட்டராக மாற்றலாமா?

நேயர் ஒருவர், கோர் 2 டுவோ செயலியும் 4 ஜிபி ரேமும் உள்ள தம்முடைய பழைய மேசைக் கணினி சும்மா கிடப்பதாகவும், அதை ரூட்டராக மாற்றினால் வைஃபை வேகமாகுமா என்றும் கேட்டிருக்கிறார். ரூட்டராக மாற்றலாம், ஆனால் அதனால் வைஃபை வேகம் அதிகரிக்காது.

ரூட்டரின் வேலை வேறு, வைஃபையின் வேலை வேறு. கடையில் வாங்கும் பெட்டி இரண்டையும் சேர்த்தே செய்வதால் அவை நமக்கு ஒன்றாகத் தோன்றுகின்றன. வெளியிலிருந்து கிடைக்கும் ஒரே இணைய முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளச் செய்வதும், அழையாமல் உள்ளே நுழைய வருவதைத் தடுப்பதுமே ரூட்டரின் பணி. இதைப் பழைய கணினி நன்றாகவே செய்யும். வைஃபைக்கு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ரூட்டரையே அக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபையை மட்டும் தரும் கருவியாக, வைத்துக்கொள்ளுங்கள். அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதியை) நிறுத்திவிட்டு, கணினியின் முகவரி அல்லாத வேறொரு முகவரியை அதற்குக் கொடுத்து, கணினியிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருக வேண்டும். டிஹெச்சிபியை நிறுத்த ஒருமுறை நான் மறந்துவிட்டேன். வீட்டிலுள்ள கைபேசிகளில் சிலவற்றுக்கு மட்டும் இணையம் வந்ததன் காரணம் புரியாமல் ஒரு மாலை முழுவதும் வீணானது.

பழைய கணினியில் பெரும்பாலும் ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட்தான் இருக்கும். இணையம் உள்ளே வர ஒன்றும், வீட்டுக்குள் செல்ல ஒன்றுமாக இரண்டு தேவை என்பதால், ஒரு கிகாபிட் நெட்வொர்க் கார்டு வாங்கிப் பொருத்துங்கள். கணினியை ரூட்டராக மாற்றும் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டவை. அதில் இன்டெல் சிப் உள்ள கார்டுகள் தொல்லை தருவது குறைவு. கார்டுக்குப் பதிலாக யுஎஸ்பி அடாப்டரை நம்பி இறங்க வேண்டாம். இம்மென்பொருளை நிறுவும்போது ஹார்டு டிஸ்கில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், பழைய புகைப்படங்களை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகையாக (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் வகை) இருந்தால், ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை அப்படியே கணினிக்குக் கடத்தும் முறை) மாற்றித் தருமாறு இணைப்பு தருபவரிடம் கேட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியில் கொடுக்க வேண்டும்.

என்னைத் தயங்க வைப்பது மின்சாரம்தான். இத்தகைய கணினி 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் ஓடும்போது 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 86 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். 10 வாட் எடுக்கும் சாதாரண ரூட்டருக்கு அதே காலத்தில் 15 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே கற்றுக்கொள்வதற்காகச் செய்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். பணம் மிச்சமாகும் என்று எண்ணிச் செய்ய வேண்டாம்.

செய்வதென்று முடிவெடுத்தால், மின்தடைக்குப் பின் கணினி தானாகவே இயங்கத் தொடங்கும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பகுதி) அமைத்துவிடுங்கள். இல்லையென்றால், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது மின்சாரம் போய் வந்தால், பொத்தானை அழுத்தச் சொல்லி வீட்டாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும்.