பெயரைப் பறிகொடுத்த பெண்கள்: அயர்லாந்தின் மாக்டலின் சலவைக்கூடங்கள்

[திரையில்: டப்ளின் நகர வரைபடம். டிரம்காண்ட்ரா பகுதி பெரிதாகிறது.]

வணக்கம். 1993-இல் டப்ளின் நகரில், ஹை பார்க் என்ற கன்னியர் மடம் தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்றது. விற்ற இடத்துக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. 133 உடல்களை எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்ய அனுமதி வாங்கினார்கள். தோண்டினால் இன்னும் 22 பேர். ஆக மொத்தம் 155 பெண்கள். அனுமதிக்காகக் கொடுத்த பட்டியலில் சிலருக்குச் சொந்தப் பெயரே இல்லை. மடத்தில் வைத்த புனிதர் பெயர் மட்டும்தான்.

அந்த மடத்தின் சலவைக்கூடத்தில் சம்பளமில்லாமல் துணி துவைத்தவர்கள் இவர்கள்.

[திரையில்: வருடங்கள் ஓடுகின்றன, 1922 முதல் 1996 வரை.]

சுதந்திர அயர்லாந்தில் இப்படிப் பத்து சலவைக்கூடங்கள் நடந்தன. இவற்றைத்தான் மாக்டலின் சலவைக்கூடங்கள் என்கிறார்கள். நடத்தியவை நான்கு கத்தோலிக்கத் துறவற சபைகள். உள்ளே போன பெண்கள் பத்தாயிரத்துக்கும் மேல். எல்லோரும் கல்யாணத்துக்கு முன் கர்ப்பமானவர்கள் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. அனாதைகள், ஏழைவீட்டுப் பிள்ளைகள், கோர்ட் அனுப்பியவர்கள் என்று பல வகை. எப்படி வந்தார்கள் என்று தெரிந்தவர்களில் கால்வாசிப் பேரை அனுப்பியதில் அரசுக்கே பங்கு இருந்தது.

உள்ளே போனதும் என்ன நடக்கும்? பலருக்கு முடியை வெட்டுவார்கள். சீருடை கொடுப்பார்கள். அப்புறம் ஒரு புதுப் பெயர். அன்றிலிருந்து அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, ஜெபம், மௌனம், மறுபடியும் துணி. தப்பி ஓடிய சிலரைப் போலீஸே பிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

பெயர் மாற்றியது அந்தப் பெண்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் என்று சபைகள் பின்னாளில் விளக்கம் சொன்னன. எனக்கு இது ஒட்டவில்லை. வெளியாளிடம் மறைக்க வேண்டுமென்றால் வெளியே சொல்லாமல் இருந்தால் போதுமே. தான் யார் என்பதையே அழித்துவிட்ட மாதிரி இருந்தது என்றுதான் பெண்கள் பலர் சொன்னார்கள்.

[திரையில்: ஒரு பெண்ணின் கோட்டுருவம். முகம் இல்லை.]

இந்தக் காயம் ஏன் இவ்வளவு ஆழமாகப் போகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நீண்ட காலக் கொடுமையால் வரும் சிக்கலான மன அதிர்ச்சிக்குத் தனி இடம் உண்டு. கெட்ட கனவும் திடுக்கிடலும் மட்டுமல்ல, ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவள்’ என்ற விடாத எண்ணமும் அதன் அடையாளம். சாதாரணமாக ஒருவர் திட்டினால் மனிதன் திட்டினான் என்று தள்ளிவிடலாம். கடவுளின் பெயரால் திட்டினால் எங்கே போய் முறையிடுவது? வெளியே வந்தவர்களில் பலர் புருஷனிடமும் பிள்ளைகளிடமும்கூட வாய் திறக்கவில்லை.

[திரையில்: அயர்லாந்து நாடாளுமன்றம், பிப்ரவரி 2013.]

2013 பிப்ரவரி 5 அன்று அரசு விசாரணை அறிக்கை வந்தது. பிரதமர் எண்டா கென்னி வருத்தப்பட்டார், ஆனால் முழு மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து, பார்வையாளர் மாடத்தில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டு அழுதார்.

இழப்பீடு 11,500 யூரோ முதல் 1 லட்சம் யூரோ வரை. நான்கு சபைகளும் பங்கு தர மறுத்துவிட்டன. எத்தனை வருஷம் உள்ளே இருந்தார்கள் என்பதை வைத்துத் தொகை. அதைக் காட்டும் பதிவேடுகள் இருந்ததோ சபைகளிடம். பெண்களின் வாக்குமூலத்தை விட அந்த ஏடுகளுக்கே அதிகாரிகள் அதிக மதிப்புக் கொடுத்தார்கள் என்று 2017-இல் அயர்லாந்தின் குறைதீர்ப்பாளர் கண்டித்தார். ஒரு பக்கம் மன்னிப்பு, இன்னொரு பக்கம் ‘ஆதாரம் எங்கே’ என்ற பழைய கேள்வி.

2018 ஜூனில் சுமார் 220 பெண்கள் டப்ளினில் கூடினார்கள். வெளிநாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். விருந்து நடந்த மாளிகை வாசலில் பொதுமக்கள் திரண்டு நின்று கைதட்டினார்கள். மேஜை மேஜையாக உட்கார வைத்து, நடந்ததை நாடு எப்படி நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தார்கள். பல பேருக்கு ஒருவரையொருவர் பார்ப்பதே பெரிய விஷயம்.

[திரையில்: மேடை, ஒலிவாங்கி முன் மொட்டைத்தலைப் பாடகி.]

ஹை பார்க் வளாகத்தில் இருந்த பெண்பிள்ளைகளுக்கான இல்லத்தில் பதின்வயதில் தங்கவைக்கப்பட்டவர் பாடகி சினேட் ஓ’கானர். 1992-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போப்பின் படத்தைக் கிழித்தவர் அவர்தான். கடவுளை விட்டுவிடுவார் என்று நினைத்திருப்பீர்கள். 1999-இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த ஒரு குழுவில் குருப்பட்டம் பெற்றார், 2018-இல் இஸ்லாத்தைத் தழுவினார். பெயரையும் மாற்றிக்கொண்டார், இந்த முறை தானே தேர்ந்தெடுத்து. மதத்தால் காயப்பட்டவர் மதத்தை விட்டே தீர வேண்டும் என்பதும் ஒரு கட்டளைதான். ‘மன்னித்துவிடு, மறந்துவிடு’ என்று அவசரப்படுத்துவதும் அப்படியே.

இப்போது ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். கல்லறைகளில் உள்ள பெயர்களை அந்தக் கால வாக்காளர் பட்டியல்களோடு ஒப்பிட்டு, யார் எத்தனை வருஷம் உள்ளே இருந்தார் என்று தேடுகிறார்கள். சலிப்பூட்டும் வேலை. ஆனால் வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருந்தவர்கள் அதில்தான் தெரியவருகிறார்கள்.

[திரையில்: ஷான் மெக்டெர்மட் தெரு, சிவப்புச் செங்கல் கட்டடம்.]

1996-இல் கடைசியாக மூடிய சலவைக்கூடம் இது. ஒரு ஜப்பானிய ஓட்டல் நிறுவனத்துக்கு இதை விற்க நகராட்சி நிர்வாகம் ஏற்பாடு செய்தது. 2018-இல் கவுன்சிலர்கள் ஓட்டுப்போட்டுத் தடுத்தார்கள். 2022-இல் இங்கே தேசிய நினைவு மற்றும் ஆய்வு மையம் அமைக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. அருங்காட்சியகத்தோடு ஆவணக் காப்பகமும் திட்டத்தில் உண்டு.